எத்தனையில் ஒன்று? எளிய நிகழ்தகவும் அன்றாட ஆச்சரியங்களும்

எதிர்பாராத இடத்தில் பழைய நண்பரைப் பார்த்தால் “லட்சத்துல ஒண்ணு நடக்கிற விஷயம்” என்கிறோம். யாரையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன் வந்தால் அதுவும் லட்சத்தில் ஒன்று. அந்த லட்சம் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அது ஒரு பேச்சு வழக்கு, அவ்வளவுதான்.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. வெள்ள அபாயம், மருத்துவப் பரிசோதனை, நீதிமன்றத் தீர்ப்பு என்று பெரிய விஷயங்களிலும் இதே குத்துமதிப்பு புகுந்துவிடுகிறது. நிகழ்தகவு என்றாலே சூத்திரங்களின் காடு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரைக்குத் தேவையானது கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். நாம் சறுக்குவது பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் அல்ல, அதற்கு முன்னாலேயே. எதை எண்ணுவது, எந்தக் கூட்டத்தில் எண்ணுவது என்று முடிவெடுக்கும் இடத்தில்.

மூன்று கருவிகள்

ஒரு விஷயம் நடப்பதற்கான வாய்ப்பை 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்வதுதான் நிகழ்தகவு. நடக்கவே நடக்காது என்றால் 0, நிச்சயம் நடக்கும் என்றால் 1. பகடையை உருட்டினால் 6 விழும் நிகழ்தகவு 1/6. ஆறு பக்கங்களில் நமக்கு வேண்டியது ஒன்று, ஆகவே ஒன்றை ஆறால் வகுக்கிறோம். முதல் கருவி இந்த வகுத்தல்.

இரண்டாவது கழித்தல். 6 விழும் வாய்ப்பு 1/6 என்றால், விழாமல் போகும் வாய்ப்பு மீதியுள்ள 5/6. இப்படி ‘நடக்காமல் போவதை’ நிரப்பு நிகழ்ச்சி என்பார்கள். நடப்பதை நேராக எண்ணுவது சிரமமாக இருந்தால், நடக்காததை எண்ணி 1-இலிருந்து கழித்துவிடலாம்.

மூன்றாவது பெருக்கல். இரண்டு முறை உருட்டி இரண்டிலும் 6 விழ வேண்டும் என்றால் 1/6 × 1/6, அதாவது 1/36. இப்படிப் பெருக்க ஒரு நிபந்தனை உண்டு: முதல் உருட்டலின் முடிவு இரண்டாவதைப் பாதிக்கக் கூடாது. அப்படி ஒன்றையொன்று பாதிக்காதவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். இந்த நிபந்தனையை மறந்ததால் ஒருவர் சிறைக்கே போன கதை பின்னால் வருகிறது.

இப்போது ஒரு கேள்வி. பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு முறையும் 1/6, நான்கு முறைக்கு 4/6, ஆக 67 சதவீதம் என்று பலருக்கும் தோன்றும். அதே வழியில் போனால் ஆறு முறைக்கு 100 சதவீதம், ஏழு முறைக்கு 117 சதவீதம் வரும். ஏழு முறை உருட்டியும் 6 விழாமல் எரிச்சலடைந்த யாருக்கும் இது தவறு என்று தெரியும்.

சரியான வழி, 6 விழாமலே போவதை எண்ணுவது. நான்கு முறையும் விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 625/1296 வரும், ஏறக்குறைய 48.2 சதவீதம். மீதி 51.8 சதவீதம்தான் பதில். பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்பு 49.1 சதவீதம், பாதிக்குக் கொஞ்சம் கீழ். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் புரியாமல் ஒரு சூதாட்டப் பிரியர் குழம்பிய விவகாரம், 1654-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. நிகழ்தகவுக் கணிதம் தனித் துறையாக உருவானது அந்தக் கடிதங்களிலிருந்துதான் என்று வரலாற்றில் பொதுவாகச் சொல்வார்கள்.

நூறாண்டு வெள்ளம் நூறு ஆண்டு காத்திருக்காது

‘நூறாண்டு வெள்ளம்’ என்று நீரியல் வல்லுநர்கள் சொல்வதைக் கேட்டால், ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்றுதான் காதில் விழும். அவர்கள் சொல்ல வருவது வேறு. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வரும் வாய்ப்பு 1 சதவீதம் என்பதுதான் அதன் பொருள்.

பகடைக்குச் செய்த கணக்கையே இங்கேயும் செய்யலாம். ஓர் ஆண்டில் வெள்ளம் வராமல் இருக்கும் வாய்ப்பு 99 சதவீதம். வீட்டுக் கடனைக் கட்டி முடிக்க 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 0.99-ஐ 30 முறை பெருக்க வேண்டும், 0.74 வரும். மீதி 26 சதவீதம். அதாவது கடன் தீர்வதற்குள் அந்த வீடு ‘நூறாண்டு வெள்ளத்தை’ப் பார்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். நூறு ஆண்டுகளில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 63 சதவீதம், வராமலே போகும் வாய்ப்பு 37 சதவீதம். போன ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக இந்த ஆண்டு அந்த 1 சதவீதம் குறையாது. ஆற்றுக்குப் போன வருடக் கணக்கு தெரியாது.

பருவநிலை மாறும்போது அந்த 1 சதவீதமே மாறிவிடும். அது தனிக் கதை.

23 பேரும் ஒரு பிறந்தநாளும்

ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும்? ஆண்டுக்கு 365 நாள், அதில் பாதி 183, ஆகவே 183 பேர் வேண்டும் என்பது வழக்கமான பதில். சரியான விடை 23. இதை முதன்முறை கேட்டு அப்படியே நம்பியவர் யாரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நாம் எங்கே ஏமாறுகிறோம்? அறைக்குள் நுழைந்ததும் மனது தன்னையே நடுவில் வைத்துக்கொள்கிறது. ‘என் பிறந்தநாள் வேறு யாருக்காவது இருக்குமா?’ என்று எண்ணுகிறது. அந்தக் கேள்விக்கு 22 ஒப்பீடுகள்தான் உண்டு, வாய்ப்பும் 6 சதவீதத்துக்குக் கீழேதான். ஆனால் கேட்கப்பட்டது ‘யாரோ இருவர்’. அறையில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லாரிடமும் ஒரு முறை கைகுலுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் 22 பேரிடம், அடுத்தவர் மீதியுள்ள 21 பேரிடம், அதற்கடுத்தவர் 20 பேரிடம் என்று போனால் மொத்தம் 253 கைகுலுக்கல்கள். ஒவ்வொன்றும் ‘ஒரே நாளா?’ என்று சோதிக்கும் ஒரு வாய்ப்பு. 365 நாட்களுக்கு எதிரே 253 வாய்ப்புகள் நிற்கும்போது பாதியைத் தாண்டுவதில் அவ்வளவு வியப்பில்லை.

துல்லியமான கணக்குக்கு மறுபடியும் நிரப்பு நிகழ்ச்சிதான். யாருக்கும் பொருந்தாமல் போக வேண்டும் என்றால், முதல் ஆள் எந்த நாளிலும் பிறந்திருக்கலாம். இரண்டாமவருக்கு 364 நாட்கள் மிச்சம், மூன்றாமவருக்கு 363. இப்படியே 365/365 × 364/365 × 363/365 என்று தொடங்கி 343/365 வரை 23 பின்னங்களைப் பெருக்கினால் 0.493 வருகிறது. மீதி 50.7 சதவீதம். 30 பேர் இருந்தால் இது 70 சதவீதத்தைத் தாண்டும், 41 பேரில் 90-ஐ, 57 பேரில் 99-ஐ. லீப் ஆண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

2014 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் 32 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியிலும் சரியாக 23 வீரர்கள். பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், ஒரே பிறந்தநாள் கொண்ட இருவராவது இருந்த அணிகள் 16. இவ்வளவு கச்சிதமாகப் பாதி வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான். 14 அல்லது 19 அணிகள் வந்திருந்தாலும் கணக்கு பொய்த்ததாக ஆகாது.

உங்கள் பிறந்தநாளிலேயே பிறந்த ஒருவராவது இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்ட உங்களைத் தவிர எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? 253 பேர். 23 பேருக்கு இடையிலான கைகுலுக்கல்களின் எண்ணிக்கையும் 253-தான். இரண்டு இடத்திலும் பாதி வாய்ப்பைத் தொட ஏறக்குறைய அத்தனை ஒப்பீடுகள் தேவைப்படுகின்றன, அதனால்தான் இந்த ஒற்றுமை.

லாட்டரியில் அதே எண்கள் மறுபடியும்

2009 செப்டம்பரில் பல்கேரியாவின் தேசிய லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்கள் விழுந்தன. நான்கு நாள் கழித்து நடந்த அடுத்த குலுக்கலில் அதே ஆறு எண்கள் மறுபடியும் விழுந்தன. மோசடி என்று கூச்சல் எழுந்தது, விசாரணைக்கும் உத்தரவானது. தில்லுமுல்லு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 1,39,83,816 வழிகள் உண்டு. ‘அப்படியானால் இரண்டு முறை வர அதையும் அதையும் பெருக்க வேண்டும்’ என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். முதல் குலுக்கலில் எந்த எண்கள் வந்திருந்தாலும் நமக்கு அக்கறையில்லை; இரண்டாவது, முதலாவதைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே ஒரு குறிப்பிட்ட குலுக்கலுக்கு வாய்ப்பு சுமார் 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று. இதுவும் சிறியதுதான்.

இப்போது பிறந்தநாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த குலுக்கல் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ஏதோ இரண்டு குலுக்கல்களில் ஒரே எண்கள் வந்தால் போதும் என்றால்? ஒவ்வொரு குலுக்கலும் ஓர் ஆள், 1 கோடியே 40 லட்சம் சேர்க்கைகளும் நாட்காட்டியின் நாட்கள். சுமார் 4,400 குலுக்கல்களிலேயே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. வாரம் இரண்டு குலுக்கல் என்றால் அது 43 ஆண்டுகளுக்கும் குறைவு. ஒரு லாட்டரிக்கே இப்படி. உலகில் எத்தனை லாட்டரிகள் எத்தனை ஆண்டுகளாக நடக்கின்றன என்று யோசித்தால், எங்கோ எப்போதோ இது நடக்காமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1986-இல் ஒரு பெண் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை லாட்டரி வென்றார். 17 லட்சம் கோடியில் ஒன்று என்று செய்தி வந்தது. அவர் ஒருவர், அந்த இரண்டு சீட்டுகள் மட்டும் என்று எண்ணினால் அந்த எண் வரும். பர்டூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் இருவர், நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் சீட்டு வாங்குவதைக் கணக்கில் எடுத்தார்கள். நாட்டில் யாரோ ஒருவர் எங்கோ நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை வெல்லும் வாய்ப்பு முப்பதில் ஒன்று. காலத்தை ஏழு ஆண்டுகளாக நீட்டினால் பாதிக்கும் மேல்.

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் லிட்டில்வுட்டின் பெயரால் ஒரு வேடிக்கையான விதி உண்டு. இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் பரப்பியது. விழிப்போடு இருக்கும் எட்டு மணி நேரத்தில் நொடிக்கு ஒரு நிகழ்வைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 35 நாளில் பத்து லட்சம் நிகழ்வுகள் சேர்ந்துவிடும். ஆகவே பத்து லட்சத்தில் ஒன்றாக நடக்கும் அதிசயம் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு முறை ஏறக்குறைய நடந்தாக வேண்டும். நொடிக்கு ஒன்று என்பது தாராளமான கணக்கு. ஆனாலும் நினைத்தபோது வந்த போனைப் பற்றி யோசிக்க இது உதவும். நினைத்தும் வராத போன்களை நாம் எண்ணி வைத்ததே இல்லையே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ‘எனக்கு, இப்போது, இதுவே’ என்று கேட்டால் வாய்ப்பு மிகச் சிறியது, ‘யாருக்காவது, எப்போதாவது, இது போன்ற ஏதாவது’ என்று கேட்டால் மிகப் பெரியது. செய்தியில் வருவது இரண்டாவது வகை. நாம் வியப்பது முதல் வகையின் எண்ணைப் பார்த்து.

தற்செயல் என்பது சீராகத் தூவியது அல்ல

ஒரு காகிதத்தில், நாணயத்தை 100 முறை சுண்டியது போல் தலை, பூ என்று மனம்போனபடி எழுதிப் பாருங்கள். அப்புறம் நிஜமாகவே நாணயத்தைச் சுண்டி இன்னொரு பட்டியல் எழுதுங்கள். எது கற்பனை என்று எளிதில் கண்டுபிடித்துவிடலாம். கற்பனைப் பட்டியலில் தலையும் பூவும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். நாலு தலை தொடர்ந்து எழுதியதுமே கை கூசும், ஒரு பூவைப் போட்டுவிடுவோம். நிஜ நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 100 சுண்டலில் ஒரே பக்கம் ஐந்து முறை தொடர்ந்து விழும் இடம் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 97 சதவீதம். ஆறு முறைக்குக்கூட ஏறக்குறைய 80 சதவீதம்.

இந்தக் கூச்சம் பணத்தையும் கரைக்கும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் கொண்ட ரூலெட் சக்கரம் 26 முறை தொடர்ந்து கறுப்பில் நின்றது. ‘இத்தனை முறை கறுப்பு வந்தாயிற்று, இனி சிவப்புதான்’ என்று சுற்றுக்குச் சுற்று பந்தயத்தைக் கூட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவாற்றல் இருப்பதாக அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1944-இல், ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, சில பகுதிகளில் மட்டும் கொத்துக் கொத்தாக விழுவதாக மக்கள் நம்பினார்கள். குறிபார்த்து அடிக்கிறார்களா? ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிப்பாளர் தெற்கு லண்டனை கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் கட்டவாரியாக எண்ணி 1946-இல் வெளியிட்டார். குண்டுகள் குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் சுமார் 227 கட்டங்களில் ஒன்றுமே விழுந்திருக்கக் கூடாது, விழாதவை 229. ஒரே ஒரு குண்டு விழ வேண்டிய கட்டங்கள் 211, விழுந்தவை 211. நான்கு விழ வேண்டியவை 7, விழுந்தவை 7. இதைவிடப் பொருத்தமாக ஒரு தற்செயலைப் பார்க்க முடியாது. ஒரு கட்டத்தில் நான்கு, பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் குறியில்லாமல் விழுவதன் இயல்பு. எல்லாக் கட்டத்திலும் ஒவ்வொன்று விழுந்திருந்தால்தான் யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாட்டுக் கேட்கும் செயலிகளும் இதே தொல்லையைச் சந்தித்தன. ‘கலைத்துப் போடு’ என்று அழுத்தினால் ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறது, இது சரியாகக் கலைக்கவில்லை என்று புகார்கள். உண்மையில் அது சரியாகத்தான் கலைத்துக்கொண்டிருந்தது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2014-இல், ஒரே பாடகரின் பாட்டுகளை இடைவெளி விட்டுப் பரப்பும்படி மாற்றியதை விளக்கி எழுதியது. தற்செயலாகத் தோன்றுவதற்காகத் தற்செயலைக் குறைத்திருக்கிறார்கள்!

பாசிட்டிவ் வந்துவிட்டால் நோய் உறுதியா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஒரு நோய் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவரைப் பரிசோதித்ததில் பாசிட்டிவ். அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

1978-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த 60 பேரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த மருத்துவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதிகம் பேர், 27 பேர், சொன்ன பதில் 95 சதவீதம். சரியான பதிலைச் சொன்னவர்கள் 11 பேர்தான். அது சுமார் 2 சதவீதம்.

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் இது விளங்கிவிடும். ஆயிரம் பேரை நிற்க வையுங்கள். அவர்களில் நோயாளி ஒருவர். பரிசோதனை அவரைத் தவறவிடாது என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்கள் 999 பேர். அவர்களில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். இதைப் பொய்ப் பாசிட்டிவ் என்று சொல்லலாம். ஆக, பாசிட்டிவ் சீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் 51 பேர், அதில் நோயாளி ஒருவர். 51-இல் ஒன்று, 2 சதவீதம்.

95 சதவீதம் என்றவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள்? ‘நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும்?’ என்பதற்கான விடை 5 சதவீதம். ‘பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இல்லை?’ என்பது வேறு கேள்வி, அதன் விடை 98 சதவீதம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன. எண்ணப்படும் கூட்டம்தான் வேறு. முதல் கேள்வியில் 999 பேர் நிற்கிறார்கள், இரண்டாவதில் 51 பேர்.

பரிசோதனைக்கு முன்பே அந்தக் கூட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அடிப்படை விகிதம் என்பார்கள். இங்கே அது ஆயிரத்தில் ஒன்று. இது மாறினால் எல்லாமே மாறும். அறிகுறியோடு வருபவர்களை மட்டும் பரிசோதிக்கிறோம், அவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் 100 பேர் நோயாளிகள், மீதி 900 பேரில் பொய்ப் பாசிட்டிவ் 45. இப்போது பாசிட்டிவ் வந்த 145 பேரில் 100 பேருக்கு நோய் உண்டு, கிட்டத்தட்ட 69 சதவீதம். அதே கருவி, அதே 5 சதவீதப் பிழை. வரிசையில் நிற்பவர்கள்தான் மாறினார்கள். எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்களிடம் மருத்துவர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

2 சதவீதம்தானே என்று பாசிட்டிவ் முடிவைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. பரிசோதனைக்கு முன் ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இப்போது ஐம்பத்தொன்றில் ஒன்று, இருபது மடங்கு கூடியிருக்கிறது. முதல் சோதனையின் பிழையோடு தொடர்பில்லாத இன்னொரு சோதனையைச் செய்து, அதுவும் 5 சதவீதமே தவறு செய்யும் என்றால், 50 பொய்ப் பாசிட்டிவ்களில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அப்போது வாய்ப்பு 30 சதவீதத்தை நெருங்கிவிடும். மறுபரிசோதனைக்கு எழுதித் தருவதன் பின்னால் உள்ள கணக்கு இது.

பெருக்கக் கூடாததைப் பெருக்கியபோது

1999-இல் இங்கிலாந்தில் ஒரு தாய்மீது தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக வழக்கு. காரணம் தெரியாத திடீர் மரணங்கள் என்பது தாயின் தரப்பு வாதம். சாட்சி சொன்ன மருத்துவ நிபுணர், அவரைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை அப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று, ஆகவே இரண்டு குழந்தைகளும் இறக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால் அந்த எண் வருவது சரி. ஆனால் ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணுக்கள். ஒரு குழந்தைக்கு ஆபத்தான காரணம் ஒன்று இருந்தால் அடுத்த குழந்தைக்கும் இருக்கக்கூடும். சார்பிலா நிகழ்ச்சிகள் என்று எடுத்துக்கொள்ள ஆதாரமே இல்லை. பிரிட்டனின் அரச புள்ளியியல் சங்கம் 2001-இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. அதோடு, பரிசோதனைப் பகுதியில் பார்த்த குழப்பமும் இங்கே உண்டு: குற்றமற்றவர் வீட்டில் இப்படி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும், இப்படி நடந்த வீட்டில் அவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் ஒன்றல்ல. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அரிதிலும் அரிதுதானே? இரண்டு அரிய விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்று ஒன்று வெளிவந்து, 2003-இல் அவர் விடுதலையானார்.

நான் வரும்போது மட்டும் பஸ் தாமதம்

சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், போய் நின்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைக்கிறோம். அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது, குற்றத்தை நம் ராசிமேல் போட்டுவிடுகிறோம்.

பஸ்கள் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி இடைவெளி விட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி பத்துதான். ஆனால் ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 15 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் கிடக்கிறது. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் அதில் மாட்டும் வாய்ப்பு நான்கில் மூன்று. மாட்டினால் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம், குறுகிய இடைவெளியில் வந்தால் இரண்டரை. இரண்டையும் அந்தந்த வாய்ப்போடு சேர்த்தால் 6.25 நிமிடம். இடைவெளிகள் 2, 18 என்று இன்னும் கோணலானால் 8.2 நிமிடம். பஸ்கள் முழுக்கத் தற்செயலாகவே வந்தால் காத்திருப்பு முழுப் பத்து நிமிடமாகிவிடும். நிர்வாகம் பஸ்களை எண்ணிச் சராசரி சொல்கிறது. பயணி தான் நின்ற நேரத்தை எண்ணுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பள்ளியில் ஒரு வகுப்பில் 10 பேர், இன்னொன்றில் 90 பேர் என்றால் சராசரி வகுப்பின் அளவு 50. மாணவர்களைக் கேட்டால் 90 பேர் ‘எங்கள் வகுப்பில் 90’ என்பார்கள், 10 பேர்தான் ‘10’ என்பார்கள். அந்தச் சராசரி 82.

உங்கள் நண்பர்களுக்கு உங்களைவிட நண்பர்கள் அதிகம்

இதே சூட்சுமம் நட்பிலும் உண்டு. சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் இதைக் காட்டினார். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒருவர், அவருக்கு மூன்று நண்பர்கள், அந்த மூவருக்கும் அவரைத் தவிர வேறு நண்பர் இல்லை. சராசரி நண்பர் எண்ணிக்கை, 3+1+1+1-ஐ நான்கால் வகுத்தால் ஒன்றரை. இப்போது ஒவ்வொருவரிடமும் ‘உன் நண்பருக்கு எத்தனை நண்பர்கள்?’ என்று கேளுங்கள். நடுவில் இருப்பவரின் பெயர் மூன்று முறை வரும், ஒவ்வொரு முறையும் ‘மூன்று’. மற்ற மூவரும் ஒவ்வொரு முறை வருவார்கள், ‘ஒன்று’. ஆறு பதில்களின் கூட்டுத்தொகை 12, சராசரி இரண்டு.

நண்பர்கள் நிறைய உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். 2011-இல் ஃபேஸ்புக்கின் 72 கோடியே 10 லட்சம் பயனர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்குச் சராசரியாக 190 நண்பர்கள்; அந்த நண்பர்களுக்கோ சராசரியாக 635. தன் நண்பர்களின் சராசரியைவிடக் குறைவான நண்பர்கள் உள்ளவர்கள் 93 சதவீதம் பேர். எல்லாருக்கும் என்னைவிட ஆள் பலம் இருக்கிறதே என்று சமூக ஊடகத்தில் சோர்ந்து போகிறவர், எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளலாம். அவர் ஒப்பிடும் கூட்டம்தான் முன்பே சல்லடையில் விழுந்து வந்த கூட்டம்.

இதைப் பயனுள்ள வேலைக்கும் திருப்பினார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹார்வர்டு கல்லூரியில் 744 மாணவர்களைக் கண்காணித்தார்கள். ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள், அப்படி எடுக்கப்பட்டவர்கள் ‘என் நண்பர்’ என்று பெயர் சொன்னவர்கள். பலரோடு பழகுபவருக்குத் தொற்று முன்னதாக வரும் அல்லவா? நண்பர்கள் குழுவில் காய்ச்சல் சராசரியாக இரண்டு வாரம் முந்தி வந்தது. யார் யாரோடு பழகுகிறார்கள் என்று கல்லூரி முழுவதற்கும் வரைபடம் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு நண்பரின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டதே போதுமானதாக இருந்தது.